ஃபிரட்டர்னிட்டி: கூடப் பிறக்காத அண்ணன் தம்பிகள்

நியூ ஜெர்சியில் படிக்கும் பேரன் ஏதோ ஃபிரட்டர்னிட்டியில் சேர்ந்துவிட்டானாம். மதுரையிலிருந்து அத்தை போன் செய்தார். "அங்க அவனுக்கு நாப்பது அண்ணன் தம்பியாம். ஒத்தைப் பிள்ளைக்கு ஏதுடா அண்ணன் தம்பி? அது என்னன்னு தமிழ்ல சொல்லு." வாயைத் திறந்தேன், 'சகோதரத்துவம்' என்று வந்தது. "அது பள்ளிக்கூடப் புத்தகத்துல முதல் பக்கத்துல போடுறதுல்ல?" என்றார்.

அத்தை சொன்னது சரிதான். அரசமைப்புச் சட்ட முகப்புரையில் நாம் படித்த சகோதரத்துவம் ஒரு பண்பு. பிரெஞ்சுப் புரட்சி முழக்கத்தில் சுதந்திரம், சமத்துவத்துக்குப் பின்னால் மூன்றாவதாக நிற்பதும் அதுதான். பேரன் சேர்ந்ததோ சந்தா, சடங்கு, ரகசியக் கைகுலுக்கல் எல்லாம் உள்ள ஒரு மாணவர் அமைப்பில். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. போதாக்குறைக்கு நம்மூர் ஆங்கிலத்தில் மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு: லீகல் ஃபிரட்டர்னிட்டி, மெடிக்கல் ஃபிரட்டர்னிட்டி. இதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வழக்கறிஞர்கள், மருத்துவத் துறையினர் என்றாலே வேலை முடிந்தது.

வேருக்கு வருவோம். லத்தீனில் 'ஃபிராட்டர்' என்றால் சகோதரன். சமஸ்கிருதத்தின் 'பிராத்ரு', ஆங்கிலத்தின் 'பிரதர்' எல்லாம் இதன் ஒன்றுவிட்ட உறவுகள். கிரேக்கத்திலும் இதே சொல் 'ஃபிராட்டேர்' என்று இருந்தது. ஆனால் அங்கே அது வீட்டை விட்டு வெளியேறிவிட்டது. ஏதென்ஸ் குடிமக்கள் ஃபிராட்ரியா என்ற குழுக்களில் பதிவாகியிருந்தார்கள். 'ஃபிராட்டேர்' என்பது அந்தக் குழுவில் உடன் இருப்பவனைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அப்படியானால் கூடப் பிறந்தவனை என்ன சொல்வது? கிரேக்கர்கள் புதிதாக ஒரு சொல்லைப் பிடித்தார்கள்: 'அடெல்ஃபோஸ்', அதாவது ஒரே கருப்பையிலிருந்து வந்தவன். நம்மிடம் புழங்கும் 'சகோதரன்' என்ற வடசொல்லும் அச்சு அசலாக இதே கட்டுமானம்தான். உதரம் என்றால் வயிறு, சகோதரன் என்றால் ஒரே வயிற்றில் பிறந்தவன். தமிழின் 'உடன்பிறந்தான்' வயிற்றைச் சொல்லாமல் பிறப்பைச் சொல்கிறது. ஆக, அத்தை கேட்ட கேள்வி பழைய ஏதென்ஸிலேயே எழுந்த கேள்வி. ஒரு வயிற்றில் பிறக்காதவனைச் சகோதரன் என்று கூப்பிட்டால், நிஜச் சகோதரனுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கிறது.

கல்லூரிக் கதை அமெரிக்காவுடையது. 1776 டிசம்பர் 5 அன்று, வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் ஃபை பீட்டா கப்பா என்ற ரகசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு கிரேக்க வாக்கியத்தின் முதலெழுத்துகள்தான் பெயர். அந்த வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தச் சங்கம் பிறகு நன்றாகப் படிப்பவர்களுக்கான கௌரவ அமைப்பாக மாறிவிட்டது. இன்று ஃபிரட்டர்னிட்டி என்றதும் மனதில் வரும் வகை, 1825-ல் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் தொடங்கிய கப்பா ஆல்ஃபாவிலிருந்து வருகிறது. பெண்களுக்கான சங்கத்தை 'சொராரிட்டி' என்பது 1880-களில் வந்த வழக்கம். லத்தீனில் 'சொரோர்' என்றால் சகோதரி.

இந்தச் சொல்லின் முழு எடையைப் பார்க்க வேண்டுமானால் கறுப்பின மாணவர்களின் சங்கங்களுக்குப் போக வேண்டும். 1906 டிசம்பர் 4-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவை நிறுவினார்கள். வெள்ளையர் வளாகத்தில் ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கிய வட்டம் அது. 1930-களில் 'வாக்கில்லாத மக்கள் நம்பிக்கையில்லாத மக்கள்' என்ற முழக்கத்தோடு வாக்காளர் இயக்கம் நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. 1952-ல் பாஸ்டனில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் இதில் சேர்ந்தார்: மார்ட்டின் லூதர் கிங். 1968-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஷிங்டனில் அவருக்கு நினைவிடம் வேண்டும் என்று 1984-ல் முதலில் கிளம்பியவர்கள் மேரிலாந்தில் இருந்த இந்தச் சங்கத்துக்காரர்கள்தான். 1996-ல் அமெரிக்க காங்கிரஸ் அனுமதித்தது. அப்புறம் நிதி திரட்டல், இடம், வடிவமைப்பு. 30 அடி உயரக் கல்லில் கிங் கைகட்டி நிற்கும் நினைவிடம் 2011-ல் திறக்கப்பட்டது. யோசனைக்கும் திறப்புக்கும் இடையே 27 வருடம். இந்த வேலையை இழுத்துச் சென்றவர்களில் பலர் கிங்கை நேரில் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்களுக்கு அவர் 'பிரதர் கிங்'.

இன்னொன்று நமக்குப் பக்கத்தில் நடந்தது. கமலா ஹாரிஸ் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1986-ல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியில் சேர்ந்தார். 1908-ல் அங்கேயே தொடங்கிய சங்கம் அது. 2020-ல் அவர் துணை அதிபர் வேட்பாளரானதும் தேர்தல் நிதிக்கு விசித்திரமான ஒரு தொகை ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது: 19 டாலர் 8 சென்ட். 19.08, சங்கம் பிறந்த ஆண்டு. நாம் மொய் எழுதும்போது 501, 1001 என்று ஒற்றை ரூபாயைச் சேர்ப்பதில்லையா, அந்த மாதிரி. அதே ஆண்டு அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகக் கோயிலில் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. ரத்த உறவு ஒரு பக்கம் பாலை ஊற்ற, சங்க உறவு இன்னொரு பக்கம் மொய் எழுதியது!

உள்ளே அவர்கள் புழங்கும் சொற்களும் ருசியானவை. ஒன்றாகச் சேர்க்கப்பட்டவர்கள் ஒரு 'லைன்'. அதில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் 'லைன் பிரதர்'. 'அவன் என் செட்டு' என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் ஒரு நூல்தான் இடைவெளி. இருண்ட பக்கமும் உண்டு. 'ஹேசிங்' எனப்படும் சேர்ப்புக் கொடுமையில் மாணவர்கள் செத்திருக்கிறார்கள். அதைத் தடுக்க 2024-ல்கூட அங்கே ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. இதை ராகிங் என்று மொழிபெயர்க்கிறார்கள், ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ராகிங் கல்லூரிக்குள் வந்த எவன்மீதும் விழும். ஹேசிங் உறவு வேண்டும் என்று கேட்டு வந்தவன் அந்த உறவுக்குக் கொடுக்கும் விலை. எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கேவலமாகப் படுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

முதலில் மனம் போவது 'ஒருசாலை மாணாக்கர்' என்ற அழகான பழஞ்சொல்லிடம். இங்கே சாலை என்பது கல்விச்சாலை, ரோடு அல்ல. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரை, தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்றே உரைகாரர்கள் சொல்கிறார்கள். ஒருவர் நூலுக்கு யாரெல்லாம் பாயிரம் எழுதலாம் என்று பட்டியலிடும் நன்னூல், ஆசிரியனுக்கு அடுத்தபடியாக 'தன்னொடு கற்றோன்' என்று வைக்கிறது. தன் நூலைத் தானே புகழக்கூடாது, கூடப் படித்தவன் புகழலாம்! கூடப் படித்த உறவுக்கு இலக்கணமே ஒரு கடமையைக் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் இந்தச் சொல் ஃபிரட்டர்னிட்டிக்குப் பொருந்தாது. ஐம்பது ஆண்டு இடைவெளியில், வேறு வேறு கல்லூரிகளில் சேர்ந்தவர்களும் அங்கே சகோதரர்கள். ஒரே சாலையை மிதித்திருக்க வேண்டியதில்லை.

'உடன்பிறப்புக் கழகம்' என்று தூய தமிழில் எழுதிப் பாருங்கள். தபால் நேரே அறிவாலயத்துக்குப் போய்விடும். 'தோழமை மன்றம்' இனிமையாக இருக்கிறது, ஆனால் அவர்கள் தோழர் என்று கூப்பிட்டுக்கொள்வதில்லை.

நான் 'சகோதரர் சங்கம்', 'சகோதரியர் சங்கம்' என்றே எழுதுகிறேன். 'கல்லூரி' என்று முன்னால் ஒட்டினால் குழப்பம் வராது. காரணம் 'அலும்னி' என்ற பக்கத்துச் சொல்லில் இருக்கிறது. லத்தீனில் 'அலும்னுஸ்' என்றால் ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை. 'ஆல்மா மாட்டர்' ஊட்டும் தாய். நாம் அதை 'முன்னாள் மாணவர்' ஆக்கி, முன்னாள் அமைச்சரைப் போலப் பதவி போனவராக்கிவிட்டோம். இலங்கையில் 'பழைய மாணவர் சங்கம்' என்பார்கள். அது எவ்வளவோ மேல், பழையது என்றால் முடிந்துபோனது என்று அர்த்தமில்லை. ஆனால் 'முன்னாள் சகோதரர்' என்று ஒன்றைச் சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்காது. பட்டம் வாங்கியபிறகு அவர்கள் பட்டதாரிக் கிளைக்கு மாறுகிறார்கள், அவ்வளவுதான். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவின் கிளைகளுக்குக் கிரேக்க எழுத்துகள்தான் பெயர்: கார்னெல் ஆல்ஃபா, ஹோவர்டு பீட்டா, கிங் சேர்ந்தது சிக்மா. கடைசி எழுத்தான ஒமேகாவை மட்டும் எந்த ஊர்க் கிளைக்கும் கொடுப்பதில்லை. அது இறந்துபோனவர்களின் கிளை.

இதையெல்லாம் சுருக்கி அத்தையிடம் மறுபடி போனில் சொன்னேன். கல்லூரிச் சகோதரர் சங்கம், சாகும்வரைக்கும் அண்ணன் தம்பிதான், செத்தாலும் பெயரை நீக்க மாட்டார்கள் என்று. கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதெல்லாம் சரி," என்றார். "சொத்துல பங்கு கேட்க மாட்டாங்கள்ல?"