தழும்பு தழும்பை வளர்க்கும் விதம்

மதுவை வாழ்நாளில் தொடாத தம் தகப்பனாருக்குக் கொழுப்பு ஈரல் முற்றித் தழும்பு விழத் தொடங்கிவிட்டதாக வைத்தியர் சொன்னதைக் குறிப்பிட்டு, அந்தத் தழும்பு ஏன் நிற்காமல் பரவுகிறது என்று தம்பலகாமத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். காயப்பட்ட கலங்கள் அழற்சியைத் தூண்டுவதும், விற்றமின் ஏ-யைச் சேமித்துக் கிடந்த நட்சத்திரக் கலங்கள் உருமாறிக் கொலாஜன் நாரைச் சுரப்பதும் பலர் அறிந்தவையே. அதிகம் பேசப்படாதது ஒட்சிசன் பற்றாக்குறையின் பங்கு.

ஈரலுக்கு வரும் குருதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய ஒட்சிசனுடன் வாயினாளத்தின் வழியே வருகிறது. அது ஈரல் நாடியின் குருதியோடு கலந்து நுண்குழாய்களில் ஓடும்போது, கந்தளாய்க் குளத்து வாய்க்காலில் தலைமடை வயல்கள் குடித்தது போக எஞ்சியதே கடைமடைக்குக் கிடைப்பதைப் போல, ஒட்சிசனின் அழுத்தம் 60–65 மி.மீ. இரசத்திலிருந்து 30–35 வரை இறங்குகிறது. நலமான ஈரலிலேயே நிலைமை இதுதான். கொழுப்பேறி வீங்கிய கலங்கள் குழாயை நெரித்தால் கடைசிக் கலங்கள் திணறும்; வளர்ந்தோரின் கொழுப்பு ஈரலில் தழும்பு பெரும்பாலும் முதலில் தென்படுவதும் அங்கேதான்.

திணறலைக் கலம் உணரும் முறை என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. எச்ஐஎஃப்-1 அல்பா என்ற புரதத்தைக் கலம் ஓயாமல் ஆக்கி, ஆக்கிய சில நிமிடங்களிலேயே அழித்தும் விடுகிறது. ஒரு நொதியம் ஒட்சிசன் மூலக்கூறிலிருந்து ஓர் அணுவை எடுத்து அப்புரதத்திலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மீது பொருத்துவதே அழிப்பதற்கான அடையாளம். ஒட்சிசன் குறைந்தால் அடையாளம் விழாது. தப்பிய புரதம் கலத்தின் கருவுக்குள் புகுந்து, தழும்பை வளர்க்கும் பரம்பரை அலகுகள் உட்படப் பலவற்றை முடுக்கிவிடும். கொலாஜன் நார் உறுதி பெறுவதற்கும் புரோலின் மீது இதே அணுவைப் பொருத்தியாக வேண்டும் என்பதுதான் வேடிக்கை. (விற்றமின் சி இல்லாத நெடும்பயணங்களில் அக்காலக் கப்பலோட்டிகளின் முரசில் குருதி கசிந்தது, இந்த வேலை தடைப்பட்டதால்தான்.) ஆனால் கொலாஜனுக்கான நொதியம் மிகக் குறைந்த ஒட்சிசனிலும் இயங்கும், போதாததற்கு, அதன் உற்பத்தியை எச்ஐஎஃப்-1 அல்பாவே கூட்டிவிடும். ஆக, அழிக்கும் நொதியம் ஓய்ந்த பின்னும் நார் நெய்யும் நொதியம் ஓய்வதில்லை. நார் படியப் படிய நுண்குழாய்ச் சுவரின் துளைகள் அடைபட்டு, கலத்துக்குக் குருதியும் ஒட்சிசனும் எட்டுவது மேலும் அரிதாகிறது.

கலம் ஒட்சிசனை உணரும் இந்த முறையைக் கண்டவர்கள் ஈரல் நோயைத் தேடிப் புறப்பட்டவர்களல்லர். செங்குழியங்களைப் பெருக்கும் ஓமோனை ஒட்சிசன் எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று கிரெக் செமென்சாவும் பீட்டர் ராட்கிளிஃப்பும் ஆராய்ந்தார்கள். வில்லியம் கேலின் ஒரு பரம்பரைப் புற்றுநோயின் வழியாக இதே இடத்துக்கு வந்தார். மூவருக்கும் 2019 இல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. உடனடிப் பயனைக் காட்டினால்தான் ஆய்வுக்குப் பணம் என்று நிற்கும் நிதிக் குழுக்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

எச்ஐஎஃப்-1 அல்பாவை மருந்தால் அடக்கிவிட்டால் தழும்பு நின்றுவிடாதா என்றால், அவ்வளவு எளிதல்ல: ஒட்சிசன் குறைந்த வேளையில் கலத்தை உயிரோடு காப்பதும் அதுவே.