கடை மூடும் நாளும் கை நடுக்கமும்

கோத்தகிரிப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் நான். டாஸ்மாக் விடுமுறை வருகிறது என்றால், அதற்கு அடுத்த மூன்று நாளுக்கு வார்டில் ஒரு கட்டிலைக் காலியாக வைக்கச் சொல்லிவிடுவேன்.

இங்கே என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியதே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். அதில் ஒரு பாட்டி பௌர்ணமியை இன்னும் 'போயா' என்றுதான் சொல்வார். "போயா அன்னிக்கு அங்க சாராயக் கடை தொறக்காது டாக்டரம்மா, அன்னிக்கு மட்டும் வீட்ல சத்தம் இருக்காது." இலங்கையில் இப்போதும் அப்படித்தான், மாதா மாதம் பௌர்ணமிக்கு விடுமுறை, மது விற்பனை கிடையாது. மயக்கம் தருவதைத் தொடாதே என்பது பௌத்தர்களின் பஞ்சசீலத்தில் ஐந்தாவது. தாய்லாந்தில் விசாக பூஜை உள்ளிட்ட 5 பௌத்த நாட்களில் தடை உண்டு, 2025-ல் ஹோட்டல், விமான நிலையம் போன்ற இடங்களுக்கு மட்டும் தளர்த்தினார்கள். நம் ஊரில் திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாடி நபி, காந்தி ஜெயந்தி என்று கடை மூடுகிறார்கள்.

இந்த நாட்கள் வேண்டும் என்பதுதான் என் கருத்து. கூலிக் காசு ஒரு நாளாவது முழுசாக வீட்டுக்கு வருவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தினமும் காலையிலேயே குடித்துப் பழகியவர் உடம்புக்கு அந்த ஒரு நாள் வேறு மாதிரி.

ஒரு காந்தி ஜெயந்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடை மூடியிருந்ததால் ஒருவர் குடிக்கவில்லை. வீட்டில் சந்தோஷம், சரி, இதோடு விட்டுவிடட்டும் என்று மறுநாளும் மனைவியும் மகனும் அவரை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டார்கள். கை நடுங்கியது, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி மடியில் சிந்தியது. மலையில் அக்டோபர் குளிர் வேறு, குளிர் காய்ச்சல் என்று நினைத்துக் கம்பளி போர்த்தி விட்டார்கள். மூன்றாம் நாள் காலை என்னிடம் கூட்டிவந்தபோது கட்டிலில் உட்கார்ந்து கம்பளியின் நூலைக் கொழுந்து கிள்ளுவதுபோலக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால், இல்லாத கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். மகனை மேஸ்திரி என்று நினைத்துப் பேசினார்.

குடிக்கும்போது மூளையை அமுக்கி வைத்திருந்த சாராயம் திடீரென்று நின்றால் மூளை கட்டவிழ்ந்து ஓடும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றல், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல். இந்தக் கட்டத்தில் விட்டால் உயிரே போகும்.

அன்று அவர் மனைவி, அந்த அம்மா, முதலில் என்னிடம் குடியைப் பற்றிச் சொல்லவே இல்லை. "சாப்பிடவே இல்லீங்க, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்றுதான் கேட்டார். தயவுசெய்து மறைக்காதீர்கள். ரொம்ப நாளாகக் குடிப்பவர் உடம்பில் வைட்டமின் பி1 வற்றிப் போயிருக்கும், அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் சொல்லிவிட்டாலே பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம், கடை இல்லையென்று பிளாக்கில் கிடைப்பதை வாங்கிக் கொடுக்காதீர்கள். மெத்தனால் கலந்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2024-ல் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம்.

காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்பவரை வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்க வேண்டாம். விடுமுறை எப்போது என்று முன்பே தெரியுமே, அதற்கு முன்னாலேயே கூட்டி வாருங்கள். நடுக்கத்தை அடக்க நாங்கள் கொடுக்கும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து ஒரு வாரத்தில் நடுக்கமில்லாமல் நிறுத்தலாம்.

அந்தக் கம்பளிக்காரர் பிழைத்தார். தீபாவளிக்கு மறுபடி தொட்டுவிட்டார். பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்த அம்மாவே அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, நான் கேட்பதற்கு முன்பே எத்தனை குவாட்டர் என்று சொன்னார்.