எல்.எல்.எம்.: எந்தப் பாடப்பிரிவு என்று கேட்டு வருகிறவர்களுக்கு

போன வாரம் ஒரு பெண் சேம்பருக்கு வந்திருந்தார். பி.காம்., எல்.எல்.பி. முடித்து, வழக்கறிஞராகப் பதிவு செய்து ஒரு வருடம் ஆகிறது. கையில் எல்.எல்.எம்., அதாவது சட்ட முதுகலைப் படிப்புக்கான விண்ணப்பம். பாடப்பிரிவு என்ற கட்டத்தில் அறிவுசார் சொத்துரிமை என்று எழுதியிருந்தார். ஏனம்மா என்று கேட்டேன். "பேட்டன்ட் ஏஜென்ட் ஆகலாம்னு சொன்னாங்க சார்" என்றார். இந்த ஆண்டு இதே பதிலோடு வந்த நான்காவது ஆள் இவர்.

பேட்டன்ட் ஏஜென்ட் என்றால் பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைப் போட்டு நடத்தும் முகவர். அப்படி ஆக நினைப்பவர்கள் காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் இல்லாமல் அதற்கான தகுதித் தேர்வுக்கே உட்கார முடியாது. எல்.எல்.எம். அதற்கு ஈடாகாது. காப்புரிமை அலுவலக விசாரணையில் கட்சிக்காரருக்காக வாதாட வழக்கறிஞராக இருந்தாலே போதும், 132ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

இதைவிட என்னை வருத்துவது இன்னொரு நம்பிக்கை. எல்.எல்.எம்.மில் எடுத்த பாடம்தான் ஆயுள் முழுக்க நாம் நடத்தும் வழக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு ஜூனியரிடம் ஜாமீன் மனு தயாரிக்கச் சொன்னால், "நான் சைபர் லா சார்" என்கிறார். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் சைபர் வழக்கறிஞர், கிரிமினல் வழக்கறிஞர், வரி வழக்கறிஞர் என்றெல்லாம் தனித்தனிப் பதிவு கிடையாது. பதிவு ஒன்றுதான். அது எல்லா வழக்குக்கும் பொது. நான் படித்தது அரசியலமைப்புச் சட்டம். இன்று என் மேசையில் இருக்கும் வழக்குக் கட்டுகளில் பாதி பாகப்பிரிவினை, மீதியில் பெரும்பங்கு காசோலை வழக்கு. முதல் ஐந்து வருடத்தில் வருகிற கட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

நீதிபதி ஆக வேண்டுமா? உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு எல்.எல்.எம். தேவையில்லை. அதில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று இருக்கிறது, அதற்குத் தயாராகுங்கள். மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்ததையும் கணக்கில் வையுங்கள்.

ஆசிரியர் பணிக்குப் போகிறவர்களுக்குத்தான் பாடப்பிரிவு நிஜமாகவே முக்கியம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் சட்டத்துக்கு ஒரே பாடத்திட்டம்தான். நீதிக் கோட்பாடு முதல் குடும்பச் சட்டம் வரை எல்லாம் வரும், யாருக்கும் சலுகை இல்லை. ஆனால் கல்லூரிக் காலியிடங்களைப் பாடவாரியாக அறிவிப்பதுண்டு. பிஎச்.டி.க்கும் இங்கே போடும் அடித்தளம்தான் உதவும்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? சம்பளத்தைப் பார்த்து வேண்டாம், நண்பர் எடுத்தார் என்றும் வேண்டாம். மனதில் இருக்கும் இரண்டு துறைகளில் துறைக்கொரு தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். சுருக்கக் குறிப்பு அல்ல, முழுத் தீர்ப்பு. சுற்றுச்சூழல் என்றால் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய 1996ஆம் ஆண்டு வேலூர் வழக்கு. அறிவுசார் சொத்துரிமை என்றால் 2013ஆம் ஆண்டு நோவார்டிஸ் வழக்கு. நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் போட்ட புற்றுநோய் மருந்து விண்ணப்பம் உச்ச நீதிமன்றம் வரை போன கதை அது. படித்து முடித்ததும் மேலே தேடத் தோன்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம், சேரும் இடத்தில் அந்தப் பாடத்தில் ஆய்வேட்டை வழிநடத்த யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஓராண்டுப் படிப்பு என்றால் சேர்ந்த சில மாதங்களிலேயே தலைப்பு கேட்பார்கள்.

அந்தப் பெண்ணிடம் நோவார்டிஸ் தீர்ப்பின் பிரதியைக் கொடுத்து, விண்ணப்பத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். நான்கு நாள் கழித்து வந்தார். தாள்களின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. வேதியியல் வரும் பக்கங்கள் புரியவில்லை என்றார். பேட்டன்ட் ஏஜென்ட் பேச்சே வரவில்லை. "இதுல சொல்ற, பேட்டன்ட் சட்டம் பத்தின ராஜகோபால ஐயங்கார் கமிட்டி அறிக்கை, 1959ல வந்தது, முழுசா எங்க சார் கிடைக்கும்?" என்று கேட்டார். விண்ணப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.