முதன்மைப் பிசிரா, முதற்பிசிரா?

தங்கை உயர்தர உயிரியல் படிக்கிறாள். "அண்ணா, பிரைமரி சிலியத்துக்கு நோட்ஸில முதன்மைப் பிசிர் எண்டு கிடக்கு, அதென்ன மற்றப் பிசிருகளுக்குத் தலைவரோ?" என்று கேட்டாள்.

சிலியம் என்பது கலத்தின் மேல் மயிர்போல நீட்டி நிற்கும் நுண்ணிய உறுப்பு. பெயர் லத்தீன் சொல், முதலில் கண்ணிமை, பிறகு இமைமயிர். பன்மையில் சிலியா. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் குறுஇழை, இலங்கையில் நமக்குப் பிசிர். எனக்கு இதுதான் பிடிக்கும். ஓலை வார்ந்து பெட்டி இழைக்கும்போது ஓரத்தில் ஒன்று எழும்பி விரலில் ஏறுமே, அது பிசிர். (பிசிராந்தையாரின் பிசிர் ஊர்ப்பெயர், அது வேறு கதை.)

சரி, 'பிரைமரி'? 1968இல் சொரோகின் என்பவர் நுரையீரல் கலங்களைப் பார்க்கையில், அசையும் பிசிர்கள் கூட்டமாக வருவதற்கு முன்பே ஒற்றைப் பிசிர் ஒன்று முளைப்பதைக் கண்டு அப்படிப் பெயர் வைத்தார். முந்தி வந்தது, அவ்வளவுதான். ஆகவே முதற்பிசிர் என்பதே பொருந்தும். அசையும் பிசிரின் நடுவே இருக்கும் இரண்டு நுண்குழாய்கள் (புரதத்தால் ஆன மெல்லிய குழல்கள்) இதில் இல்லை, அடிக்காது, துழாவாது, சும்மா நிற்கும். அதனால் இதை இப்போது பயனில்லாத, பரிணாமத்தில் மிஞ்சிய வெறும் எச்சம் என்று கனகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களுக்குள்ளே கலத்துக்கு ஒன்றாக இது நீட்டிக்கொண்டு நிற்கிறது, இரணைமடுக் குளத்தின் துருசு (மதகு) திறந்ததும் வாய்க்கால் அடியில் புல் தண்ணீரோடு சாயுமே, அதுபோலத்தான். 2000இல் ஒரு பாசியில் பிசிர் கட்டத் தேவையான மரபணுவும், சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் எலியில் பழுதான மரபணுவும் ஒன்றென்று தெரிந்தது. மனிதரின் பரம்பரை நீர்க்கட்டி நோயில் பழுதாகும் பொலிசிஸ்டின் புரதங்களும் இந்தப் பிசிரில்தான் இருக்கின்றன. அவை பழுதானால் கலத்துக்குள் போகும் சமிக்ஞை குழம்புகிறது: கலத்துக்குள் செய்தி கடத்தும் சைக்கிளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு கூடுகிறது, கலங்கள் பெருகுகின்றன, நீரைச் சுரந்து கட்டி வீங்குகிறது. இந்த நோய்க்குக் கொடுக்கும் டொல்வப்டான் மருந்து குறைப்பது இந்த ஏஎம்பியைத்தான். ஆனால் நீரோட்டத்தில் பிசிர் வளைந்தால் கல்சியம் உள்ளே பாயும் என்று 2001இல் சொன்னதை 2016இல் வேறொரு குழு மறுத்தது, ஆகவே என் வாய்க்கால் உவமையைப் பெரிதாக நம்பவேண்டாம்.

வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தம் என்றதும் கிணற்றுத் தண்ணீரைத்தான் குறை சொல்வோம். அது காரணம் இன்னும் முடிவாகாத வேறு நோய், இந்தப் பிசிரோடு போட்டுக் குழப்பக்கூடாது.

தங்கை நோட்ஸில் முதன்மையை வெட்டிவிட்டாள். சோதனையில் மட்டும் வெட்டாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.