குருதிச்சோகை: "இரத்தம் காணாது" என்றால் எது காணாது?

கிளினிக்கால் வந்த பிள்ளைத்தாச்சி "எனக்கு இரத்தம் காணாதாம்" என்றால் வன்னியில் எவருக்கும் விளங்கும். காணாது என்றால் போதாது. வைத்தியர் அனீமியா என்பார், பாடநூல் குருதிச்சோகை என்னும்.

அனீமியா கிரேக்கச் சொல். "அன்" இன்மை, "ஹைமா" குருதி, சேர்த்தால் குருதியின்மை. கர்ப்பத்தில் நடப்பதோ வேறு. குருதியின் நீர்ப்பகுதி 40–50 வீதம் கூடுகிறது. செங்குழியங்கள் 20–30 வீதம்தான் கூடும். ஆகவே குருதி குறைவதில்லை, ஐதாகிறது. அதோடு இரும்புச்சத்தும் காணாவிட்டால் செங்குழியங்களில் ஒட்சிசனைச் சுமக்கும் சிவப்புப் பொருளான ஈமோகுளோபின் இறங்கிவிடும். 1864இல் ஜேர்மன் விஞ்ஞானி ஹொப்பே-சைலர் இட்ட அந்தப் பெயரிலும் அதே "ஹைமா" உண்டு. தமிழில் குருதிச் செந்நிறப்பொருள் எனலாம்.

இரத்தம் என்பது வடமொழி "ரக்த". நிறமேறியது, சிவந்தது என்று பொருள். வேர்ப்பொருளில் பார்த்தால் "இரத்தம் காணாது" என்பது சிவப்புக் காணாது என்றாகும். எங்கள் பேச்சுவழக்கு கிரேக்கச் சொல்லைவிடச் சரி!

பழைய வைத்தியத்தில் இதற்குப் பாண்டு, அதாவது வெளிறல், என்றும் பெயர். எழுத்துக்குக் குருதிச்சோகையே பொருத்தம். ஆனால் சோகை பிடித்த முகத்தைக் கண்டபின் தேடினால் பிந்திவிடும். கர்ப்பத்தில் ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் கீழே (நடு மூன்று மாதங்களில் 10.5) போனாலே குருதிச்சோகைதான், 10இல் முகம் ஒன்றும் காட்டாது. 7க்குக் கீழ் கடுமையானது. அதனால்தான் கிளினிக்கில் கர்ப்பத்தைப் பதியும்போதும் 28ஆம் கிழமையளவிலும் குருதி சோதிக்கிறார்கள்.

பீற்றூட் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்று நினைக்காதீர்கள், அந்தச் சிவப்பு இரும்பு அல்ல. மீன், இறைச்சி இரும்பு இலகுவில் உடலில் சேரும். முருங்கையிலை, கௌப்பி இரும்பு சேரத் தேசிக்காய்ப்புளி வேண்டும். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடித்தால் அதன் சாயம் இரும்பைக் கட்டிப்போடும். ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். இரும்புக் குளிசையையும் கல்சியம் குளிசையையும் ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்று பகல், மற்றது படுக்கமுன். குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். மலம் கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளை பெருத்துவிடும் என்று குளிசையைத் தலையணைக்குக் கீழே ஒளிப்பது வீண்பயம்; சோகையால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம், பிரசவத்தில் கொஞ்சம் குருதி போனாலும் தாய் தாங்காமல் போகலாம்.

வன்னியில் ஒருகாலம் மலேரியாவும் செங்குழியங்களை அழித்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டது. கொழுக்கிப்புழு வேறு கதை: அது வெறுங்காலால் ஏறிக் குடலில் குருதி உறிஞ்சும். வளவுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கழிந்தபின் கிளினிக்கில் தரும் பூச்சிக்குளிசையைத் தவறவிடாதீர்கள்.

ஒரு மாதம் ஒழுங்காகக் இரும்புக் குளிசை போட்டும் ஈமோகுளோபின் அளவு ஏறாவிட்டால் நீங்களாகக் குளிசையின் அளவைக் கூட்டாதீர்கள். தலசீமியா என்ற பரம்பரைக் குருதிநோயின் கூறு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள்.