ஸ்பூரியஸ் இன்டரப்ட்: போலியா, பொய்யா?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் பதிவுகளைப் படிப்பவர்கள் ஒருமுறையாவது 'ஸ்பூரியஸ் 8259ஏ இன்டரப்ட்: ஐஆர்க்யூ7' என்ற வரியைப் பார்த்திருப்பார்கள். இதைத் தமிழில் எழுதும்போது 'போலிக் குறுக்கீடு' என்றுதான் முதலில் கைக்கு வரும். அது சரியில்லை என்பது என் எண்ணம்.

'இன்டரப்ட்' லத்தீனிலிருந்து வந்த சொல். 'இன்டர்' என்றால் இடையே, 'ரும்பெரே' என்றால் உடைத்தல். நடக்கும் வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கவனி என்று ஒரு கருவி புராசஸருக்குக் கொடுக்கும் சைகை அது. பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் குறுக்கிடுவதைப் போலத்தான். அதனால் குறுக்கீடு நன்றாகவே பொருந்துகிறது. இயற்பியல் பாடத்தில் ஒளியலைகளுக்கும் இதே சொல் உண்டு, ஆனால் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

சிக்கல் 'ஸ்பூரியஸ்' என்பதில்தான். லத்தீனில் அது திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையைக் குறித்தது. பிறகு 'உண்மையல்லாத' என்று பொருள் விரிந்தது. நம் 'போலி' வேறு வகை. போலி மருத்துவர், போலி ரூபாய் நோட்டு என்னும்போது, ஒன்றைப் போல நடித்து ஏமாற்றும் நோக்கம் உள்ளே வந்துவிடுகிறது. இங்கே ஏமாற்றுபவர் யாருமில்லை.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் குறுக்கீடுகளை வாங்கி வரிசைப்படுத்தியது இன்டெலின் 8259ஏ சிப். ஒரு கருவி தன் கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது, சிப் புராசஸரை அழைக்கிறது, புராசஸர் 'யார்?' என்று திருப்பிக் கேட்கிறது. அதற்குள் கம்பி இறங்கிவிட்டால்? மின் இரைச்சலால் அப்படி ஆகலாம். ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதால் சிப் 7 என்று சொல்லிவிடும். பதிவில் வரும் 'ஐஆர்க்யூ7' அந்த எண்தான்.

அழைப்பு வந்தது, ஆனால் காரணம் கைக்கு வரவில்லை. இதற்குத் தமிழில் அருமையான வழக்கு ஒன்று இருக்கிறது: மழை பொய்த்தது என்கிறோம். யாரும் பொய் சொல்லவில்லை, வரவேண்டியது வராமல் போனது, அவ்வளவுதான். ஆகவே 'பொய்த்த குறுக்கீடு', சுருக்கமாகப் 'பொய்க்குறுக்கீடு' என்பதே என் தேர்வு.

7ஆம் எண்ணில் உண்மையான கருவியும் இருக்கலாம், பிரின்டர் போர்ட்டின் வழக்கமான இடமே அதுதான். அதனால் கெர்னல், எந்தக் குறுக்கீடு கவனிப்பில் இருக்கிறது என்று காட்டும் பதிவகத்தை, அதாவது சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடத்தை, படிக்கவேண்டும். அதில் 7ஆம் எண்ணுக்கான பிட் 1 ஆக இல்லை என்றால் பொய்த்தது. அப்போது வழக்கமான 'முடிந்தது' ஆணையை அனுப்பக்கூடாது. அனுப்பினால், பாதியில் நிற்கும் வேறொரு குறுக்கீடு முடிந்துவிட்டதாகச் சிப் எடுத்துக்கொள்ளும். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் இரண்டு சிப்கள். அங்கே இரண்டாம் சிப்பின் கடைசி எண்ணான 15 பொய்த்தால் முதல் சிப்புக்கு மட்டும் ஆணை போகவேண்டும், ஏனென்றால் அதன் கண்ணில் இரண்டாம் சிப்பின் அழைப்பு மெய்யானது.

அப்புறம், இதே பெயரில் இன்னொன்றும் திரிகிறது. பல கருவிகள் ஒரே கம்பியைப் பகிரும்போது, ஒவ்வொரு டிரைவரும் (ஒரு கருவியை இயக்கும் மென்பொருள்) தன் கருவியின் நிலையைப் பார்த்து 'என்னுடையது இல்லை' என்று கைவிரித்துவிடுவது. இங்கே கம்பி இறங்குவதே இல்லை. கெர்னல் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டு மூச்சுத்திணறும். லினக்ஸ் 1,00,000 குறுக்கீடுகளுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, 99,900க்கு மேல் ஏற்பாரில்லாமல் போயிருந்தால் அந்த எண்ணையே மூடிவிடும். அழைப்பு மெய், ஏற்க ஆளில்லை. இதைப் பொய்க்குறுக்கீடு என்பது தவறு. 'ஏற்பாரில்லாக் குறுக்கீடு' எனலாம். லத்தீன் மூலத்துக்கும் இதுவே நெருக்கம்.

இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால், பிழை தேடுபவர் கம்பியைச் சோதிக்கவேண்டிய இடத்தில் டிரைவரையும், டிரைவரைச் சோதிக்கவேண்டிய இடத்தில் கம்பியையும் நோண்டிக்கொண்டிருப்பார்.