வாசலுக்கு கான்கிரீட்: சதுர அடி ரேட்டுக்குள் என்ன இருக்கிறது?

"சார், சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்?" வாசலுக்கோ கார் நிறுத்தும் இடத்துக்கோ கான்கிரீட் போட நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது இதுதான். சேலத்தில் அழகாபுரமானாலும் அம்மாபேட்டையானாலும் மாறாது. பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: எத்தனை இஞ்ச் கனம்? காண்ட்ராக்டரிடம் அதைப் பெரும்பாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

20-க்கு 15 அடி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 இஞ்ச் கனத்தில் போட்டால் 100 கன அடி, சரியாக ஒரு யூனிட். எம்20 தரக் கலவைக்கு (சிமெண்ட் 1, மணல் 1½, ஜல்லி 3 பங்கு) சிமெண்ட் 22, 23 மூட்டை, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) சுமார் 42 கன அடி, முக்கால் இஞ்ச் ஜல்லி சுமார் 84 கன அடி பிடிக்கும். அதே இடத்தை 3 இஞ்சில் முடித்தால் கால்வாசிப் பொருள் மிச்சம். சிமெண்டில் மட்டும் 5, 6 மூட்டை. இரண்டு பேர் சொல்லும் ரேட்டில் பெரிய வித்தியாசம் இருந்தால் முதலில் இங்கேதான் தேட வேண்டும். கனம், கலவை, அடியில் கிராவல் கொட்டி இறுக்குவது, கம்பி உண்டா இல்லையா, எல்லாம் எழுத்தில் வரட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பழைய கோட்டேஷனையே நீட்டுபவரிடம் அதையும் கேளுங்கள்.

ஃபினிஷ் என்றால் நம் ஆட்களுக்குக் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும். அதற்காக, மேலே நீர் கசிந்து நிற்கும்போதே கொத்தனார் சிமெண்டைத் தூவிக் கரணையால் இழைத்துவிடுவார். அன்றைக்குப் பார்க்க அழகுதான். சில மாதம் கழித்து உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், சாம்பல் மாவு ஒட்டும். அப்புறம் மேல்தோல் பொருக்குப் பொருக்காகப் பெயரும். கசிந்த நீர் வற்றும்வரை பொறுத்து இழைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சாயங்காலம் ஆள் கிளம்ப வேண்டுமே!

மழை படும் இடத்துக்கு என் ஓட்டு துடைப்ப ஃபினிஷுக்குத்தான். கான்கிரீட் இறுகத் தொடங்கும் நேரத்தில், வண்டி ஏறும் திசைக்குக் குறுக்கே கெட்டியான துடைப்பத்தை ஒரே சீராக இழுக்க வேண்டும். தனிச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. அச்சு பதித்த ஸ்டாம்ப்டு கான்கிரீட் கண்ணைப் பறிக்கும். ஆனால் கலர் பவுடர், அச்சு, மேலே அடிக்கும் சீலர் (பாதுகாப்புப் பூச்சு) என்று செலவு ஏறும். சீலரை அவ்வப்போது மறுபடி அடிக்கவும் வேண்டும்.

ஏற்காட்டில் கட்டுபவர்களுக்கு வழவழப்பு வேண்டவே வேண்டாம். மூடுபனியும் மழையுமாகப் பாசி பிடிக்கும் ஊர். சரிவான வாசலில் வழுக்கி விழ ஒரு மழை போதும். ஜல்லி வெளியே தெரியும்படி மேலே படியும் சிமெண்ட் பாலைக் கழுவிவிடும் ஃபினிஷ் அங்கே நன்றாகப் பிடிமானம் தரும். பொருள் எல்லாம் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும் என்பதால், சேலத்து ரேட்டை வைத்து மலைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

எந்த ஃபினிஷானாலும் 8 முதல் 10 அடிக்கு ஒரு இடத்தில் ஒரு இஞ்ச் ஆழத்துக்கு வெட்டு விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் கான்கிரீட் தானே தன் இஷ்டத்துக்கு விரிசல் விடும்.

கடைசியாகத் தண்ணீர். சேலத்து வெயிலுக்கு, பிபிசி (PPC, நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமெண்ட் போட்ட கான்கிரீட்டில் 14 நாள் ஈரம் காயக்கூடாது. பாத்தி கட்டித் தேக்குங்கள், அல்லது ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். "தண்ணி ஊத்துறது வீட்டுக்காரங்க வேலை சார்" என்று மேஸ்திரி பிறகு சொல்வார். அது யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். போர் வற்றிய வீடென்றால் தண்ணீர் லாரிக்கான பணத்தையும் எஸ்டிமேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.